பெட்டி வாங்குங்கள், பூட்டாதீர்கள்

ஏற்காடு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பூமழை சரியாகப் பெய்து காபி பூத்திருக்கிறது, தோட்டத்துக்காரர்கள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. என் முழங்கால் பழையபடிதான்.

உங்கள் வாக்கிங் குழு பணம் போட்டு ஏஇடி பெட்டி (இதயம் திடீரென்று நின்று விழுந்தவருக்கு ஷாக் கொடுக்கிற கருவி) வாங்கப் போவதாகவும், பாதிப் பேர் ‘கரண்ட் சமாச்சாரம், நமக்கெதுக்கு’ என்று இழுப்பதாகவும் எழுதியிருந்தாய். காலமெல்லாம் ஈசிஜி எடுத்தவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். சரி, சொல்கிறேன்.

பயம் தேவையில்லை. சினிமாவில் திரையில் கோடு நேராக ஓடும்போது ஷாக் கொடுத்து எழுப்புகிறார்களே, அது சுத்தப் பொய். நேர்கோட்டுக்கு ஷாக் உதவாது. இதயத்தின் கீழறைகள் தாளம் கெட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஷாக். அந்த நடுக்கத்தை ஒரு கணம் மொத்தமாக அடக்கினால், இதயம் தன் தாளத்தை மறுபடி பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எது எந்த நிலை என்று நீ பார்க்க வேண்டியதில்லை. பெட்டியில் இருக்கிற இரண்டு ஒட்டும் பட்டைகளை ஒட்டினால் போதும்: ஒன்று வலது காரை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். படமே போட்டிருக்கும். பெட்டியே தாளத்தைப் பார்த்து முடிவு செய்யும். தேவையில்லாதவருக்கு நீ பட்டனை அழுத்தினாலும் ஷாக் போகாது. உடம்பு வியர்வையில் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு ஒட்டணும், ஷாக் நேரத்தில் யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான்.

பேச்சு மூச்சில்லாமல் விழுந்தவருக்குத்தான் இது. நெஞ்சு வலி என்று வாய் திறந்து சொல்பவரை 108-இல் ஏற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே முதல் மாத்திரைகள் கிடைக்கும். 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் அதற்குத்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விழுந்தவரின் நெஞ்சை யாரும் அழுத்தாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால்தான் 1965-இல் பெல்ஃபாஸ்ட் டாக்டர் பான்ட்ரிட்ஜ் இந்தக் கருவியை ஆம்புலன்ஸிலேயே ஏற்றினார். அப்போது அதன் எடை சுமார் 70 கிலோ. இன்று டிபன் கேரியர் மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். சிகாகோ விமான நிலையங்களில் இதைச் சுவரில் மாட்டி இரண்டு வருஷம் கணக்கெடுத்தார்கள். அந்த நடுக்கத்தோடு விழுந்தவர்கள் 18 பேர், அதில் 11 பேரை மீட்டார்கள். பெட்டியை எடுத்து ஓடியவர்களில் பெரும்பாலோர் சும்மா வழியில் போனவர்கள். ஆனால் நாலு பேருக்குப் பெட்டி பக்கத்தில் இல்லை, ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேரவும் இல்லை. அந்த நாலு பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. எனக்கு அந்த 11-ஐ விட இந்த நாலுதான் பெரிய பாடம்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டுவதற்குள் டீ குடித்து முடிக்கலாம். கீழேயிருந்து வண்டி வர வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு. சைரன் போட்டால் மலை நேராகிவிடுமா? படகு இல்லம், பேருந்து நிலையம், சேர்வராயன் கோயில் என்று கூட்டம் சேருகிற இடத்திலேயே பெட்டி இருக்கணும். உங்களுக்கும் அதே கணக்குதான். செயலாளர் வீட்டு பீரோவில் பத்திரமாக வைக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் விடாதே. அப்படியென்றால் அந்தப் பணத்தில் எல்லோருமாக ஒரு டூர் போய்விட்டு வரலாம்.

போலீஸ், கேஸ் பயத்துக்கு வருகிறேன். உதவி செய்பவரைக் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் திருத்தம் வந்தது. ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். பூங்காவில் விழுந்தவருக்கு உதவுபவரையும் அப்படியே வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று. இப்படி விழுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் விழுகிறார்கள். பூங்காச் சுவரில் இருக்கிற பெட்டி அங்கே நடந்து வராது. ஆகவே வாங்குவதற்கு முன்னாலேயே, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்குமாறு அழுத்த எல்லோரும் பழகுங்கள். வீட்டுக்காரம்மாக்களையும் கூட்டி வரச் சொல். விழப்போவது நீங்கள், அழுத்த வேண்டியது அவர்கள்! கேட்டைத் திறக்கிற வாட்ச்மேனை மறந்துவிடாதே, உங்களில் யார் வராவிட்டாலும் அவர் அங்கே இருப்பார்.

பேட்டரியும் பட்டைகளும் காலாவதியாகும். தேதியைப் பார்க்க ஓர் ஆளை நியமியுங்கள். விலைப்பட்டியல் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, பட்டைகளை மாற்றுகிற செலவையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் ஏற்காட்டுப் பங்காளி