வியூ கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜாவாஸ்கிரிப்டில் வெப் அப்ளிகேஷன் செய்ய உதவும் ஃபிரேம்வொர்க்கான, அதாவது தயார்நிலைக் கட்டமைப்பான, வியூ.ஜேஎஸ் பற்றி உங்கள் கல்வி இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் இதற்கு இடம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் குறைந்த நேரத்தில் நிறைய வெப் அப்ளிகேஷன் செய்யலாம் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவசியம் தெரிய வேண்டியதை விட்டுவிட்டீர்கள்.

வேகம் உண்மைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாங்கள் பள்ளிகளுக்கும் சிறு கடைகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். பெயரைத் தேடி, தேதிவாரியாகப் பிரித்து, பிரிண்ட் எடுக்கிற பட்டியலை ஒரு காம்பொனென்டாக, அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தனித் துண்டாக, எழுதி வைத்துவிட்டால் கட்டண ரசீது, நூலகம், வருகைப் பதிவு என்று எல்லாவற்றிலும் அதையே போட்டுக்கொள்ளலாம். சின்ன வேலை என்றால் ஃபைல்களை முன்கூட்டியே தொகுக்கும் பில்ட் வேலைகூட வேண்டாம், பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் டேக் போட்டாலே வியூ ஓடிவிடும்.

சரி, அதே பட்டியலில் ஒருவர் போனில் தமிழில் ‘முருகன்’ என்று தேடிப் பார்க்கட்டும். பல போன் கீபோர்டுகள் சொல் முடியும்வரை எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டுப் பிடித்து வைத்திருக்கும், பெட்டியில் டைப் செய்வதை அப்ளிகேஷனில் உள்ள மதிப்போடு இணைக்கும் வியூவின் வி-மாடல் அந்த நேரத்தில் மதிப்பை மாற்றாது, அதனால் ஸ்பேஸ் தட்டும்வரை பட்டியல் அசையவே அசையாது, பார்ப்பவர் சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். சீனம், ஜப்பானியம், கொரியன் போன்ற மொழிகளைச் சொல்லி வியூவின் கையேடே இதை விளக்குகிறது. வி-மாடலை எடுத்துவிட்டு, மதிப்பைப் பெட்டியோடு தனியாக இணைத்து, டைப் செய்வது மாறும்போதெல்லாம் பிரவுசர் அனுப்பும் இன்புட் ஈவென்ட்டை நாமே கேட்டுக்கொண்டால் சரியாகிவிடும். இரண்டு வரி வேலைதான், ஆனால் பிரவுசரில் ஈவென்ட் எப்படி வருகிறது என்றே படிக்காமல் நேராக ஃபிரேம்வொர்க்கில் குதித்த பிள்ளைக்கு இது எப்படித் தோன்றும்?

இன்னொன்று, ஃபிரேம்வொர்க்கின் ஆயுள். 2010-இல் கூகுளிலிருந்து வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பி எத்தனையோ பேர் அப்ளிகேஷன்களை எழுதிக் குவித்தார்கள். 2016-இல் ஆங்குலர் 2 வந்தபோது பழைய புரோகிராம் கோடு அதில் அப்படியே ஓடவில்லை, 2021 டிசம்பர் 31-உடன் பழையதற்கான ஆதரவையும் நிறுத்திவிட்டார்கள். கூகுளில் அந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸைப் பயன்படுத்திப் பார்த்த எவன் யூ, தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் எளிமையாகத் தரலாமே என்று செய்து 2014-இல் வெளியிட்டதுதான் வியூ. அதிலும் 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பில், தொகைக்குக் கமா போடுவது போன்ற வேலைகளுக்கு நாம் வைத்திருந்த ஃபில்டர் வசதியையே எடுத்துவிட்டார்கள். வியூ 2-க்கான ஆதரவு 2023-உடன் முடிந்துவிட்டது. ஒரு அப்ளிகேஷன் வைத்திருப்பவர் சமாளித்துவிடுவார், பத்து வைத்திருப்பவர் பத்திலும் உட்கார்ந்து மாற்ற வேண்டும், அதற்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்கவும் முடியாது.

இதற்காக வியூ வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், புதிதாக வருபவர்களுக்கு இன்றும் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன். ஆனால் இத்தனை நாளில் இத்தனை அப்ளிகேஷன் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்குப் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். முதலில் ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ஃபிரேம்வொர்க் என்ற வரிசையை அவர்களுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த இணைப்பிதழில் பதிப்பு மாற்றத்தைப் பற்றி எழுதுங்கள், தமிழில் டைப் செய்யும்போது வரும் அந்தச் சிக்கலையும் புரோகிராம் கோடோடு போடுங்கள். வேண்டுமானால் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வெப் டெவலப்பர் ஒருவர்,
ஈரோடு