அடுக்கி வைத்த கண்ணாடியில் கறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கண்ணாடிக் கடைகளில் ஒரு தகராறும் தொடங்கிவிடும். அடுக்கிலிருந்து உருவிய ஷீட்டில் எண்ணெய் படிந்ததுபோல வானவில் நிறம் தெரியும். இல்லையென்றால் எவ்வளவு துடைத்தாலும் போகாத வெள்ளை மூட்டம். வாங்கியவர் மட்டச் சரக்கு என்பார். விற்றவர் அழுக்குதான், கழுவினால் போய்விடும் என்பார். பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஷீட்டுகளுக்கு நடுவே சிக்கிய நீர் செய்த வேலை அது.

ஜன்னலுக்குப் போடும் சாதாரண ஃப்ளோட் கண்ணாடியில் (உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யும் தட்டைக் கண்ணாடி) சோடியம் ஆக்சைடு 13, 14 விழுக்காடு உண்டு. மேலே நிற்கும் நீர் அந்தச் சோடியத்தைச் சிறுகச் சிறுக வெளியே இழுக்கிறது. ஜன்னலில் மாட்டிய கண்ணாடி என்றால் அடுத்த மழை கழுவிக்கொண்டு போய்விடும். அடுக்கில் இருப்பது மயிரிழை கனத்தில் நீர். வடியாது, எளிதில் உலராது. வெளியே வந்த சோடியத்தால் அதில் காரம் ஏறிக்கொண்டே போய், பி.எச். (அமில-கார அளவு; 7-க்கு மேல் காரம்) 9-ஐத் தாண்டியதும் கண்ணாடியின் அடிப்படைப் பொருளான சிலிக்காவையே அரிக்கத் தொடங்கும். வானவில் நிறம் முதல் கட்டம், வெள்ளை மூட்டம் அரித்துவிட்டதன் அடையாளம்.

இதற்கு மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. இரவில் குளிர்ந்த பெரிய அடுக்கு காலையில் அத்தனை சீக்கிரம் சூடேறாது. ஈரக்காற்று பட்டதும் விளிம்பில் வியர்க்கும், அந்த நீரை இடுக்கு உறிஞ்சிக்கொள்ளும். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டுவது பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் அது. மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட வேண்டும். ஸ்டாண்டு தரையிலிருந்து உயர்ந்தும் சுவரை ஒட்டாமலும் இருக்கட்டும்.

ஆலையிலிருந்து வரும் ஷீட்டுகளுக்கு இடையே தூவியிருக்கும் பவுடரைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடக் கூடாது. அதிலுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் ஷீட்டுகளை ஒட்டவிடாமல் இடைவெளி தரும். கூடவே கலந்திருக்கும் அடிபிக் அமிலம் போன்ற மென் அமிலம் ஊறிவரும் காரத்தை முறிக்கும். வெட்டிக் கழுவிய பிறகு இந்தக் காவல் போய்விடுகிறது. அதனால் கழுவிய ஷீட்டை முழுக்க உலர்த்தி, சற்றே அமிலத்தன்மையுள்ள இடைத்தாள் வைத்துத்தான் மறுபடி அடுக்க வேண்டும். பழைய நாளிதழ் இதற்கு உதவாது (தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்!): ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடியோடு ஒட்டவைப்பதோடு, அச்சு மையையும் பதித்துவிடும்.

கப்பலில் போகும் சரக்கில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் போட்டுப் பிளாஸ்டிக் உறையைக் காற்றுப் புகாமல் ஒட்டுவார்கள். பெட்டியின் மரம் பச்சையாக இருந்தால் அந்தப் பைகள் மரத்தின் ஈரத்தைக் குடித்தே தீர்ந்துபோகும்.

பெட்டி நனைந்து வந்தால் அன்றே பிரித்து, ஒவ்வொரு ஷீட்டையும் நல்ல நீரில் கழுவி, உலர்த்த வேண்டும். கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தொடக்கக் கறைகூடத் தெரியும். அந்தக் கட்டத்தில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத்தூள் போட்டுத் தேய்த்தால் பலசமயம் போய்விடும். மூட்டம் விழுந்த ஷீட்டுக்கு ரசம் பூசுவது வீண். கறை இன்னும் எடுப்பாகத் தெரியும். கண்ணாடியையே கரைக்கும் கொடிய ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த திரவங்களைப் பட்டறைப் பையன்களிடம் கொடுத்துத் துடைக்கச் சொல்வது உயிரோடு விளையாடுவது. லாரி ரசீதில் கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடித் தொழிலில் உள்ள வாசகர்கள்,
சென்னை