செவலைக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

சுங்கை பாக்காப், நிபோங் திபால் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

கழிச்சலில் நீர் வற்றிப் படுத்துவிட்ட எங்கள் ஆடு செவலை இன்று காலை தானாக எழுந்து தொட்டியில் வாய் வைத்தாள். மதியத்துக்கு மேல் அசை போடவும் ஆரம்பித்துவிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. மனசு இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நன்றியை இப்போதே எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி மிஸ்ஸி அம்மாவுக்கு. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆட்டைத் தொட்டுப் பழக்கமில்லாதவர். யாரும் கூப்பிடாமலே ஒரு சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கும் அகலமான பேசினும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அதற்குப் பிறகு செவலைக்குத் தோலுக்கடியில் ஊசி வழியாகத் தண்ணி (டிரிப்) ஏற்றும் ஒவ்வொரு வேளைக்கும் வந்தார். அந்த ஃபிளாஸ்க் செய்த வேலையை விவரமாகவே சொல்ல வேண்டும், ஆடு வளர்க்கும் பல வீடுகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நல்ல ஆட்டின் உடல் சூடு 38.5 முதல் 39.5 டிகிரி வரை இருக்கும். கழிச்சலில் நீர் வற்றிப் படுத்துவிட்ட ஆட்டுக்கு அது 38க்கும் கீழே இறங்கிவிடலாம். காது சில்லிட்டுப் போகும். அந்த நேரத்தில் ரத்தம் உள்ளுறுப்புகளுக்குத்தான் ஓடும், தோலுக்குக் கொஞ்சமே வரும். அங்கே போய்க் குளிர்ந்த திரவத்தை விட்டால் இருக்கிற சூடும் குறையும், தோலடியில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் மேலும் சுருங்கும், விட்டது உறிஞ்சப்படாமல் கட்டி நிற்கும்.

டிரிப் பையைச் சுடுதண்ணீரில் வைத்து எடுப்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மழைக்கால இரவில் திரவம் மெதுவாக இறங்கும்போது, நீளமான டியூப்பைக் கடந்து ஊசிக்கு வருவதற்குள் திரும்பவும் ஆறிவிடும். மிஸ்ஸி அம்மா ஃபிளாஸ்க் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவருவார். பேசினைச் செவலையின் முதுகை ஒட்டி வைத்து, ஊசிக்குப் பக்கத்து டியூப்பை அதில் இரண்டு மூன்று சுற்றாகச் சுருட்டி அமிழ்த்துவார். திரவம் கடைசியாகக் கடக்கும் இடம் அந்தச் சூடான தண்ணீர்தான். டியூப்பில் காற்றை வெளியேற்றும்போது விழும் சொட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். பேசின் ஆற ஆற ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். பையை மைக்ரோவேவில் வைக்கலாமா என்று கேட்டவர்களை அவர்தான் தடுத்தார்: உள்ளே ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் பச்சையாக இருக்கும், வெளியே தொட்டுப் பார்த்தால் தெரியாது.

அவர் வந்த பிறகு தோலடியில் எழும்பிய வீக்கம் ஆறு மணி நேரத்துக்குள் அமுங்க ஆரம்பித்தது. சிறுநீரும் வந்தது. ஏற்றிய நீர் உடம்புக்குள் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அந்த வாசனைக்காக ஒரு வீடே சந்தோஷப்படும் என்று யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? மிஸ்ஸி அம்மா நம்பினார், கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, கால்நடை டாக்டருக்கு. எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்ற கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மார்புச் சுற்றளவு 60 செ.மீ., தோள்முனையிலிருந்து பின்னிடுப்பு வரை நீளம் 60 செ.மீ. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய 20 கிலோ. கண் சற்றுக் குழிந்து, ஈறு பிசுபிசுத்து, இழுத்துவிட்ட கழுத்துத் தோல் மெதுவாகத் திரும்பியது. அதை வைத்து 6 விழுக்காடு நீரிழப்பு என்றார். 20 கிலோவுக்கு 1.2 லிட்டர். அதை நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 300 மி.லி., மூன்று இடங்களில் 100 மி.லி. வீதம் தோலுக்கடியில். அன்றாடத் தேவையான 1 லிட்டர் வாய்வழி, அதுவும் விழுங்கத் தெம்பு இருந்ததால்தான். தலை தொங்கிக் கிடக்கும் ஆட்டுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். நீரிழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினால் தோலடி வழி போதாது, நரம்பில் ஏற்ற வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவைத்தார்.

ஏற்றிய திரவம் ஹார்ட்மன், அதாவது உப்புகள் கலந்த டிரிப் கரைசல். டிரிப் என்றாலே குளுக்கோஸ் என்று நினைக்கிறோம், தோலுக்கடியில் அதைத்தான் விடக்கூடாது. உப்பில்லாத அந்தக் கரைசல் உடம்பில் மிச்சமிருக்கும் உப்பையும் நீரையும் வீக்கத்துக்குள் இழுக்கும், சீழ் பிடிக்கவும் வழி செய்யும். ஊசி 18 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு), இடத்துக்கு ஒரு புது ஊசி. முழங்கைக்குப் பின்னால் விலா மேல் உள்ள தளர்ந்த தோலைக் கூடாரம்போலத் தூக்கி, விலாவுக்கு இணையாக உள்ளே விட வேண்டும். மயிர் நனைந்தால் ஊசி மறுபக்கத் தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. சொட்டு நின்றால் நுனி தோலில் ஒட்டியிருக்கிறது, லேசாகத் திருப்பினால் ஓடும். ஊசியை எடுத்ததும் துளையை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீக்கம் மெல்ல நெஞ்சுக்குக் கீழே சரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூடாகி வலித்தால், அல்லது எட்டு மணி நேரமாகியும் அப்படியே நின்றால் மட்டும் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இன்னும் எத்தனை பேர்! கடை அடைத்த பிறகும் ஷட்டரைத் தூக்கி டிரிப் செட் எடுத்துக் கொடுத்த ஃபார்மசி தம்பி, பரண் உத்திரத்தில் ஆட்டின் முதுகுக்கு ஒரு மீட்டர் உயரத்தில் கொக்கி மாட்டித் தந்த ஹார்ட்வேர் கடை அங்கள், ஆடு தின்னும் பெத்தாய் பெலாலாங் மரத்துத் தழை வெட்டிவந்த மலாய்க்காரப் பெரியவர் பாக் சிக், மணல் மூட்டைகளால் அணைகட்டி அவளை நெஞ்சு மேல் உட்காரவைத்து ராத்திரியெல்லாம் பக்கம் மாற்றிவிட்ட பையன்கள். ஒருபக்கமாகவே படுத்திருந்தால் வயிற்றில் காற்று அடைத்தே போயிருப்பாள். உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

இனி எங்கள் கொட்டகையில் பிரிக்காத ஹார்ட்மன் பைகளும் ஊசிகளும் தெர்மாமீட்டரும் எப்போதும் இருக்கும். காலாவதித் தேதி பார்த்து மாற்றிவைப்போம். திறந்த பையை ஒரு நாளுக்கு மேல் யாருக்கும் தரமாட்டோம். எந்த நேரமானாலும் வந்து கேளுங்கள். ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால் அது ரத்தம் உறிஞ்சும் புழுவின் வேலையாக இருக்கலாம். அந்த ஆட்டுக்கு அளவில்லாமல் நீர் ஏற்றினால் இருக்கிற ரத்தமும் நீர்த்துப்போகும்.

வேண்டுமானால் மிஸ்ஸி அம்மாவும் ஃபிளாஸ்க்கோடு வருவார். கேட்டோம், சரி என்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
செவலை வீட்டார்