‘எல்லாம் நார்மல்’ என்று சொன்ன பிறகு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படபடப்புக்காக ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தச் சர்க்கரை என்று எடுத்த பரிசோதனைகள் அனைத்தும் சரியாக இருப்பதாகச் சொல்லி, “ஒன்றுமில்லை, டென்ஷன் ஆகாமல் இருங்கள்” என்று மருத்துவர் அனுப்பிவிட்டதாகவும், அதைக் கேட்டு நிம்மதி வராமல், இல்லாத நோயைச் சொல்லி வீட்டில் எல்லோரையும் அலையவிட்டோமோ என்ற கூச்சம் வந்ததாகவும் எழுதியிருந்தாய். இங்கே நாங்கள் நலம். பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். உன் கூச்சத்தைப் பற்றி உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது.

உனக்கு வந்த படபடப்பு பொய்யில்லை. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், முதலில் அந்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டது சரியான காரியம். அவற்றில் கோளாறு தெரியவில்லை என்றால் இதயம் நன்றாக இருக்கிறது என்று பொருள். உனக்கு ஒன்றுமில்லை என்று பொருளாகாது. ஆபத்து என்று மூளை உணர்ந்த நொடியில் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. துடிப்பு கூடுகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. அதன் பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து, சர்க்கரையை ஏற்றி, அந்த விழிப்பை நீட்டித்து வைக்கிறது. பாம்பைக் கண்டு ஓடும் ஒருவருக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும். ஓடி முடித்ததும் உடல் தானாக அடங்கிவிடும். ஆனால் பகலில் பள்ளி நிர்வாகமும், சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு கூடிவிட்ட எழுத்து வேலையும், இரவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரின் பராமரிப்புமாக இருக்கும் உனக்கு, ஓடி முடிக்கிற இடம் எங்கே இருக்கிறது? 1936-ஆம் ஆண்டிலேயே ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுமீறி உழைக்க வைத்தாலும், அட்ரினல் சுரப்பி பெருப்பது, இரைப்பையில் புண் வருவது என்று உடல் ஒரே விதமான மாற்றங்களைக் காட்டுகிறது என்று எழுதினார். மனம் தாங்க முடியாததை உடல் சொல்வது பலவீனத்தால் வருவதில்லை. உடலின் அமைப்பே அப்படி.

வெளிநோயாளர் பிரிவில் செவிலியாக இருந்த காலம் முழுவதும் நான் பார்த்தது இதைத்தான். நம் பக்கத்துப் பெண்கள் “மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. “நெஞ்சு அடைக்குது”, “தலை கனமா இருக்கு”, “உடம்பெல்லாம் எரியுது”, “கேஸ் ஏறுது” என்றுதான் ஓ.பி. சீட்டோடு வந்து நிற்பார்கள். பிரஷர் பார்த்துக்கொண்டே “ராத்திரி தூக்கம் எப்படிம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கண் கலங்கிவிடும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த பிறகு, வயிற்று வலி என்றும் பசியில்லை என்றும் வந்த விவசாயிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு முந்திரித் தோப்பு மறுபடி பலன் தர ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்த மனிதனுக்கு அந்த வலி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த ஊர்களில், இரவில் மழை வலுத்தால் இன்றைக்கும் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் டென்ஷன் ஆகாதீர்கள் என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. உனக்குச் சொல்வதும் அதே அளவுக்குப் பயனற்றது.

படபடப்பு வரும் நேரத்தில் செய்ய ஒன்று இருக்கிறது. மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளியே விடு. மூச்சு வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு தணிகிறது என்பதால் சில நிமிடங்களில் வேறுபாடு தெரியும். பிற்பகலுக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது, நீயோ இரவு விழிப்பதற்காக எட்டு மணிக்குக் குடிக்கிறாய். மாலையில் வாகனங்களை அனுமதிக்காத உங்கள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நட. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேட்டு மலைத்துவிடாதே, பாதி நடந்தாலும் நல்லதே.

இவை எல்லாம் நல்லவை. ஆனால் சுமை அப்படியே இருக்க, சுமப்பவளை மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உன் கடிதத்தில் வில்லியனூர் நாத்தனாரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: “அவளுக்கும் வேலை இருக்கிறது.” உனக்கு இல்லையா? பெற்ற தாயை வாரத்தில் ஒரு நாள் பார்த்துக்கொள்ளும்படி மகளிடம் கேட்பதில் குறைவு எதுவும் இல்லை. “கொஞ்சம் உதவி செய்” என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “சனிக்கிழமை இரவு நீ வந்து படுத்துக்கொள், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும்” என்று நாளும் வேலையும் சொல்லிக் கேள். உன் கணவரிடமும் அப்படியே கேள். அவருடைய தாய் என்பதை அவருக்கு நினைவூட்ட நீ தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்க, நீ வெகுதூரம் போக வேண்டியதில்லை. தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை அது, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்களோ என்று நீ அஞ்சுவாய் என்பதால் இதையும் அறிந்துகொள்: சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உனக்குத் தருகிறது. மருந்து எழுதித் தந்தால், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் பலனில்லை என்று விட்டுவிடாதே, நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தவும் செய்யாதே. பக்கத்து வீட்டார் கொடுக்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். பழக்கமாகி, பின்னர் அதை விடுவதே பெரும்பாடாகும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், இரவு எத்தனை மணியானாலும் எனக்குத் தொலைபேசியில் சொல். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போவோம்.

நாத்தனார் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அன்று, முதல் பேருந்திலேயே ஏறி நான் அங்கே வருகிறேன். படுத்திருப்பவர்களைத் திருப்பிப் போடுவதும் உடம்பு துடைப்பதும் எனக்குக் கைப்பழக்கம். உன் மாமியாருக்கும் என்னைத் தெரியும். மாத்திரை நேரங்களையும், எந்தப் பக்கம் படுத்தால் அவருக்கு வலிக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வை. மாலைவரை நீ வீட்டில் இருக்கக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய தோழி