பெயர் சொல்லாமல் போன தம்பிக்கு

மகளும் நானும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. தம்பி, கூப்பிடாமலேயே வந்து உட்கார்ந்தீர்கள். ஸ்க்ரூடிரைவரை அவள் கையிலேயே விட்டுவிட்டு விரலால் மட்டும் காட்டினீர்கள். மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் ஒயரை நாங்கள் மாட்டவில்லை. மதர்போர்டுக்கான 24 பின் ஒயர் மட்டும் இருந்தால் ஃபேன் சுற்றும், பிராசஸருக்குக் கரண்ட் போதாது. நான்கு ஸ்லாட்டில் ரேம் இரண்டையும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-க்கு மாற்றி, ‘டக்’ கேட்கும்வரை அழுத்த வைத்தீர்கள். டிடிஆர்5 வகை ரேம் என்பதால் முதல்முறை திரை வரச் சில நிமிடம் எடுக்கும், பயந்து அணைக்காதே என்றீர்கள்.

பிராசஸர் மேலிருந்த கூலரை நாங்கள் கழற்றியிருந்ததால், சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, உங்கள் ட்யூபிலிருந்து பட்டாணி அளவு வைத்தீர்கள். காசு வாங்கவில்லை. மீதி ட்யூபையும் அவளிடமே கொடுத்துவிட்டீர்கள்.

இது உங்கள் கண்ணில் பட வேண்டும், தம்பி. கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. ட்யூபைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.