மருத்துவம் படிக்கப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

தேசிய சேவை முடிந்து கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், வகுப்புக்குப் போகப் போகிறாய் என்று சித்தி சொன்னார். ரொம்பச் சந்தோஷம். எந்தச் சங்கத்தில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். நாடகம், விளையாட்டு, கம்போடியா மருத்துவ முகாம் என்று முதல் வாரமே ஆளாளுக்கு இழுப்பார்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால் நாலைந்தில் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் தலைகாட்டாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. ஒன்றில் சேர், ஐந்து வருடமும் அதில் நில்.

என்னைக் கேட்டால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடுகளில் கதவு தட்டிப் போய் உடல்நலப் பரிசோதனை செய்யும் மாணவர் குழுதான் அது. ஓரறை வீடு. உள்ளே ஒரு பாட்டி மாத்திரைகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பார். "மருந்து ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டால் தலையாட்டிவிடுவார். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து எத்தனை போட்டீங்க பாட்டி?" என்று கேள். "தலை சுத்துற அன்னிக்குத்தான் போடுவேன்யா, மத்த நாள் மிச்சம் பிடிப்பேன்" என்பார். பிரஷர் பட்டையைக் கையில் கட்டிப் பார்த்தால் 180 காட்டும். அவருக்கோ அன்றைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. இரத்த அழுத்தம் அப்படித்தான், சத்தமில்லாமல் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே போகும். பக்கவாதம் வந்து வார்டில் படுத்த பிறகு அந்த டின்னை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

நமக்குத் தமிழ் தெரியும் என்பதால் இந்த வேலையில் நம் பங்கு கொஞ்சம் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

நீ சேரும் பள்ளியும் ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியதுதான். சீன வணிகர் தான் ஜியாக் கிம் (Tan Jiak Kim) முன்னால் நின்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார். 87,000 வெள்ளிக்கு மேல் திரண்டது, அதில் 12,000 அவருடையது. 1905இல் சிப்பாய் லைன்ஸில், பெண்களுக்கான பழைய மனநல விடுதிக் கட்டடத்தில், 23 மாணவர்களோடு தொடங்கினார்கள். ஏழைபாழைகளுக்கு இந்த ஊரிலேயே படித்த மருத்துவர்கள் வேண்டும் என்று கொடுத்த காசு அது. அந்த வாடகை வீட்டுக் கதவுகளைத் தட்டுவது அதே வேலையின் தொடர்ச்சி என்றுதான் எனக்குப் படுகிறது.

பரீட்சை நேரத்தில் படிப்பு கெடுமோ என்று சித்தி பயப்படுவார். கெடாது. சனிக்கிழமைகளில் கொஞ்சம் தூக்கம் போகும், அவ்வளவுதான். அப்புறம், வகுப்பு தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சித்தியையும் கூட்டிக்கொண்டு வா. பிரஷர் கருவி என்னிடம் இருக்கிறது. முதலில் அவருக்கே பார்த்துப் பழகு.

அன்புடன்,
அக்கா