இரண்டு மீட்டர் அலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், மீனவர்களுக்காக நீ எழுதிய கடல் நிலவரக் குறிப்பும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு இப்போது மூட்டு வலி தேவலாம். காலையில் தெருமுனை வரை நடக்கிறார்.

சரி, குறிப்புக்கு வருகிறேன். 'அலை உயரம் 2 மீட்டர்' என்று எழுதி அதோடு விட்டுவிட்டாய். உங்கள் கடலியல் துறையில் அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி என்று நீதானே எனக்குச் சொன்னாய்? நடுவே கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று எழும்பி வரலாம். ஃபைபர் படகில் போகிறவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு அலையைப் பற்றித்தான். இரண்டு மீட்டர்தானே என்று கிளம்பியவர் நாலு மீட்டர் அலையைப் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் உன் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? "ஆள் உயரத்துக்குச் சற்று மேல் அடிக்கும், இடையிடையே இரண்டு ஆள் உயரத்துக்கும் எழும்பலாம்" என்று எழுது. எளிமையாகச் சொன்னால் அறிவியல் நீர்த்துப்போகும் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். இங்கே எளிமையாகச் சொல்வதுதான் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், புதுச்சேரியை நினைத்துப் பார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அந்தப் பக்கத்துக் கிராமங்களில், ஊர்மக்களுக்குத் தகவல் சொல்லும் அறிவு மையங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்றான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார்கள். கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர் வேலையை விட்டு எழ வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் பூமி அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்கம் சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் கரைகளுக்கு அதைக் கொண்டுசேர்க்க ஏற்பாடே இல்லை. ஹைதராபாத்தில் நமக்கென்று ஒரு மையம் வந்தது 2007இல்தான். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

அன்று புதுச்சேரிப் பக்கத்து மீனவ ஊரான நல்லவாடு தப்பியது, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததால். உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனம் மேட்டுக்கு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் பிழைத்தன. தினமும் கடல் நிலவரம் சொல்லி, ஊர் கேட்டுப் பழகிய குரல் அது. முன்பின் கேட்டிராத குரலாக இருந்தால் எத்தனை பேர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்?

அதனால் புயல் நேரத்தில் மட்டும் குறிப்பு அனுப்பலாம் என்ற உன் யோசனையை நான் ஏற்கவில்லை. கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் அனுப்பு. முந்தைய நாள் சொன்னது பலித்ததா, தவறியதா என்று ஒரு வரி சேர். தவறியதை மறைக்காதே, அவர்கள் கடலுக்குப் போய் வந்தவர்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு நாள் ஏலம் முடிந்ததும் கரையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் வாசித்துக் காட்டு. மீன் விற்கும் பெண்களிடமும் கேள், எந்த நாளில் படகு போகக் கூடாது என்பதில் அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். அவர்கள் சொன்னதைச் சேர்த்து எழுதிய பிறகு இன்னொரு பிரதி அனுப்பு. பொங்கலுக்கு அங்கே வரும்போது உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மணி